யார் வீட்டுத் தண்ணீர்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், ஸ்பிக் நகர் என்று போய்க்கொண்டே இருந்தால் சாகுபுரம் வரைக்கும் இரசாயன ஆலைகள் வரும். உரம், சோடா ஆஷ், காஸ்டிக் சோடா. வருஷா வருஷம் பி.எஸ்சி., எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பிள்ளைகள் இந்த ஆலைகளின் ஆய்வகங்களுக்கு வேலைக்கு வருகிறீர்கள். கொஞ்ச நாளில் உங்களைக் கார்ல் பிஷர் கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, ‘ஈரம் பாருங்க’ என்பார்கள். பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். அந்த எண்ணை நம்பலாமா வேண்டாமா என்பதைச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. அந்த மேஜையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். முதலாவதைத் தவிர மற்றவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் படியுங்கள்.

1. கருவி தண்ணீரை எண்ணும். அது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்காது. அதைக் கேட்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கருவியின் கோப்பைக்குள் தண்ணீர் வர ஐந்து வழி உண்டு. மாதிரியின் மேல் ஒட்டியிருக்கும் ஈரம். படிகத்தின் அமைப்பிலேயே சேர்ந்திருக்கும் படிக நீர். படிகம் வளரும்போது உள்ளே மாட்டிக்கொண்ட கரைசல். மூடியைத் திறந்த நேரத்தில் காற்றோடு நுழைந்தது. கடைசியாக, மாதிரியும் வினைப்பொருளும் மோதிக்கொண்டதில் கோப்பைக்குள்ளேயே புதிதாகப் பிறந்தது. முதல் மூன்றும் மாதிரியின் சொத்து. பின் இரண்டும் வெளியாள். திரையில் தெரியும் சதவீதத்தில் ஐந்தும் ஒன்றாகக் கலந்துதான் வரும். பிரிப்பது உங்கள் பாடு.

2. வினையைத் தெரிந்துகொண்டு கருவியைத் தொடுங்கள். இந்த முறையைத் தந்தவரும் உங்களைப்போல ஓர் ஆலை வேதியியலாளர்தான். பெர்லினில் எடெலேனு நிறுவனத்தில் இருந்த கார்ல் பிஷர். மண்ணெண்ணெய் சுத்திகரிப்புக்கு அங்கே திரவ சல்பர் டை ஆக்சைடு பயன்பட்டது. அதில் ஈரம் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். அந்த ஈரத்தை அளக்க வழி தேடியவர் 1935இல் இந்த முறையை வெளியிட்டார். அயோடினும் சல்பர் டை ஆக்சைடும் வினைபுரியத் தண்ணீர் வேண்டும் என்பது வேதியியலாளர் பன்சன் காலத்திலேயே தெரிந்த சங்கதி. பிஷர் அதோடு பிரிடினையும் மெத்தனாலையும் சேர்த்தார்.

ஒரு மூலக்கூறு அயோடினுக்கு இரண்டு மூலக்கூறு தண்ணீர் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். 1939இல் ஸ்மித், பிரையன்ட், மிட்செல் என்ற மூவர், மெத்தனாலும் வினையில் பங்கெடுக்கிறது, கணக்கு ஒன்றுக்கு ஒன்று என்று காட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மெத்தனாலை வெறும் கரைப்பான் என்று நினைத்து அதை இஷ்டத்துக்குக் குறைத்துவிட்டு வேறொன்றை ஊற்றுகிறவர்கள் உண்டு. மெத்தனால் மிகவும் குறைந்தால் அந்த ஒன்றுக்கு ஒன்று கணக்கே ஆட்டம் காணும்.

1980களில் ஆய்கன் ஷோல்ஸ் பிரிடினுக்குப் பதில் இமிடசோலைக் கொண்டுவந்தார். பிரிடின் காலத்தில் இந்த வேலை பார்த்தவன் வீட்டுக்குள் நுழைந்தால் சட்டையே காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் பிரிடினானாலும் இமிடசோலானாலும் அந்தக் காரத்தின் வேலை ஒன்றே: கரைசலின் பிஎச்சை 5க்கும் 8க்கும் நடுவே பிடித்துவைப்பது. கீழே இறங்கினால் வினை நொண்டும். மேலே ஏறினால் அயோடின் வேறு வழிகளில் செலவாகும். அமிலமோ காரமோ கலந்த மாதிரி என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

3. ஊர்க் காற்றை எதிரியாக வையுங்கள். ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம். நம் ஊரில் சர்வசாதாரணம். அந்தக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிகிராம் தண்ணீர் இருக்கும். 100 மில்லி கோப்பையைத் திறந்து உள்ளே இருக்கும் காற்று முழுவதும் மாறிவிட்டால் 2.4 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் தண்ணீரைப் பிடிக்கும் வினைப்பொருள் என்றால் அரை மில்லி பியூரெட் அதிலேயே போய்விட்டது. நீங்கள் தேடுவது மொத்தமே 10 மில்லிகிராம் என்றால், கால்வாசி கடற்காற்றின் உபயம்.

அதனால் மூடியைத் திறந்து கொட்டி மூடும் வேலை மூன்று நொடியில் முடியட்டும். ஊசி போடும் ரப்பர் மூடியில் ஓட்டை விழுந்துபோயிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பியூரெட்டின் தலையிலும் கழிவு பாட்டிலின் வாயிலும் இருக்கும் உலர்த்திக் குழாயில் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிகுலர் சீவ் போட்டிருப்பார்கள். நம் ஊரில் அதற்கு ஆயுசு குறைவு. கையேட்டில் மாதக்கணக்கு எழுதியிருக்கும். அது நம் ஊர்க் காற்றை அறியாதவன் எழுதியது. ஐப்பசி, கார்த்திகையில் கையேடு சொல்வதில் பாதி நாளிலேயே மாற்றுங்கள். கழற்றியதை 300 டிகிரியில் சுட்டு, ஆறுவதற்கு டெசிக்கேட்டரில் வையுங்கள். வெளியே ஆறவிட்டால் சுட்டதெல்லாம் வீண்.

இன்னொன்று. முடிந்தால் நுண்ணிய வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் கொண்டல் திரும்பி, ஜன்னல் கம்பியைத் தொட்டால் பிசுபிசுக்கும் நேரத்தில் ஏசி அறையும் முழுப் பாதுகாப்பு இல்லை.

4. மாதிரி கெட்டால் எல்லாம் கெட்டது. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (1961ஓடு அது நின்றுபோயிற்று), முத்துச் சிப்பி விளையும் எந்தப் பாரையும் எடுத்த எடுப்பில் திறந்துவிடமாட்டார்கள். முதலில் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அதில் கிடைத்த முத்துக்கு விலை மதிப்புப் போடுவார்கள். அதை வைத்துத்தான் அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்ற முடிவு. ஒரே மூலையில் அள்ளியிருந்தால் மொத்த முடிவும் தப்பாகும் என்பது வேதியியல் படிக்காத அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கப்பலில் வந்திறங்கும் யூரியாவுக்கும் அதேதான். மேலே கிடப்பது காற்றில் ஊறியிருக்கும்; அடியில் கிடப்பது இறுகியிருக்கும். ஒரு கையளவு எடுத்துவந்து நான்கு தசமம் வரை எழுதுவது வெட்டிவேலை.

மாதிரி பாட்டிலைக் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி காலியாக இருந்தால் அந்தப் பாதி நிறைய ஈரக் காற்று. குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரட்டும். இல்லாவிட்டால் உள்ளே பனித்துவிடும். நிறுக்கும்போது வித்தியாச எடைதான்: கொட்டுவதற்கு முன் ஒன்று, கொட்டிய பின் ஒன்று. காகிதத்தில் நிறுத்துக் கொட்டுகிறவரைப் பார்த்தால் மரியாதையாகக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் சீனியராக இருந்தாலும்.

5. பாட்டில் லேபிளில் போட்டிருக்கும் டைட்டரை, அதாவது ஒரு மில்லி வினைப்பொருள் எவ்வளவு தண்ணீரைப் பிடிக்கும் என்ற எண்ணை, நம்பாதீர்கள். திறந்த நாளிலிருந்து அது இறங்கிக்கொண்டே வரும். தினமும் காலையில் தரப்படுத்துங்கள். சோடியம் டார்ட்ரேட் டைஹைட்ரேட் வசதியானது: 15.66 சதவீதம் தண்ணீர், சாதாரணக் காற்றில் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. 150 மில்லிகிராம் போட்டால் 23.5 மில்லிகிராம் தண்ணீர். ஆனால் மெத்தனாலில் மெதுவாகத்தான் கரையும். கோப்பையின் அடியில் வெள்ளையாகத் தூள் கிடக்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டு, டைட்டர் கூடிவிட்டது என்று அதிசயிக்கக் கூடாது. கண்ணால் பாருங்கள், கரைசல் தெளியட்டும். ஒரே கோப்பையில் இரண்டு மூன்று முறைக்குமேல் போட்டால் கரைவது இன்னும் மந்தமாகும், மெத்தனாலை மாற்றுங்கள்.

6. அடுப்பா, கார்ல் பிஷரா என்பதைப் பொருளிடம் கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி யூரியாவில் ஈரம் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. யூரியா உருகுவது 133 டிகிரியில். அதற்குக் கீழே, நாம் வழக்கமாக வைக்கும் 105 டிகிரியிலேயே, மெல்ல மெல்ல அம்மோனியாவை விடத் தொடங்கிவிடும். தராசுக்கு அது தெரியாது. எடை குறைந்ததையெல்லாம் ஈரம் என்று எழுதிவிடும். நல்ல சரக்கு இப்படித் தப்பான காரணத்துக்குத் தோற்றுப்போகும். கார்ல் பிஷரில் இந்த வம்பே கிடையாது. யூரியா மெத்தனாலில் நன்றாகக் கரையும். அரை சதவீத ஈரம் இருக்கும் என்று தோன்றினால் 2 கிராம் போடுங்கள், 10 மில்லிகிராம் தண்ணீர், இரண்டு மில்லி வினைப்பொருள். சுத்தமான வேலை.

ஜிப்சம் இன்னொரு விதம். பாஸ்பாரிக் அமிலம் எடுத்தபின் மலையாகக் குவிந்து கிடக்குமே, அந்த வெள்ளை. அதன் எடையில் 20.9 சதவீதம் படிக நீர். 105 டிகிரி அடுப்பில் வைத்தால் மேலே ஒட்டிய ஈரத்தோடு படிக நீரிலும் ஒரு பங்கு கிளம்பிவிடும். எவ்வளவு என்பது நீங்கள் எத்தனை மணி நேரம் டீ குடிக்கப் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. மேல் ஈரம் மட்டும் வேண்டுமென்றால் 45 டிகிரியில் உலர்த்துங்கள்.

துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரிக்கும், கருவாட்டுக்கும் அடுப்பே போதும். விலை உயர்ந்த கருவி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்க்கிற ஆசை இளம் வயதில் வரும்.

7. காஸ்டிக் சோடாவை நேராகக் கோப்பையில் போடாதீர்கள். எலும்பாகக் காய்ந்த காஸ்டிக் செதில் என்றே வைத்துக்கொள்வோம். வினைப்பொருளில் அமிலத் தன்மையுள்ள பொருள்கள் இருக்கின்றன. காரம் அவற்றோடு சேர்ந்து நடுநிலையாகும்போது தண்ணீர் பிறக்கிறது. 40 கிராம் காஸ்டிக்குக்கு 18 கிராம். ஆக, ஈரமே இல்லாத சரக்கு 45 சதவீதம் ஈரம் என்று காட்டும். பிஎச்சும் எகிறிவிடும், முடிவுப் புள்ளி எட்டாமல் பியூரெட் ஓடிக்கொண்டே இருக்கும். சோடா ஆஷும் இதே கதைதான்: முழுவதும் வினைபுரிந்தால் 106 கிராமுக்கு 18 கிராம் தண்ணீர், கிட்டத்தட்ட 17 சதவீதம். சோடா ஆஷை நன்றாகச் சூடாக்கி எடை இழப்பு பாருங்கள். வலிமை குறைந்த காரங்களுக்கு பென்சாயிக் அமிலத்தையோ சாலிசிலிக் அமிலத்தையோ கோப்பையில் முன்கூட்டியே போட்டு பிஎச்சைத் தாங்கிப்பிடிக்கலாம்.

அசிட்டோன், ஆல்டிஹைடு இவை மெத்தனாலோடு சேர்ந்து தண்ணீரை உண்டாக்கும். அவற்றுக்கு மெத்தனால் இல்லாத தனி வினைப்பொருள் விற்கிறார்கள். வைட்டமின் சி, தயோசல்பேட், சல்பைட்டு போன்றவை அயோடினைத் தாங்களே தின்றுவிடும். அங்கே தண்ணீர் பிறக்கவே இல்லை, ஆனாலும் கருவி தண்ணீர் என்றுதான் எழுதும்.

8. உப்பு. இந்த ஊரில் இருந்துகொண்டு உப்பின் ஈரத்தைப் பற்றித் தெரியாமல் இருக்கக்கூடாது. பார்ப்பதற்கு எளிது, ஆனால் ஏமாற்றுவதில் இதை மிஞ்ச ஆளில்லை.

ஒரு கல் உப்பை எடுத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் புகைபோலத் தெரியும் இடங்கள் இருக்கும். பாத்தியில் உப்பு கட்டும்போது படிகம் தன்னைச் சுற்றியிருந்த கரைசலையே துளித்துளியாக விழுங்கிக்கொண்ட அடையாளம் அது. சூடான சட்டியில் போட்டால் பொரிகிறதே, அந்தத் துளிகள் ஆவியாகி வெடிப்பதுதான். அடுப்பில் மூடாமல் வைத்தால் துணுக்குகள் தெறித்து வெளியே விழும், எடை குறையும், நீங்கள் அதையும் ஈரக் கணக்கில் சேர்ப்பீர்கள். கண்ணாடி மூடியைச் சற்றே சாய்த்து வையுங்கள்.

சரி, கார்ல் பிஷரில் போடலாம் என்றால், 100 கிராம் மெத்தனாலில் உப்பு ஒன்றரை கிராம்கூடக் கரையாது. மேல் ஈரம் மட்டும் கழன்று வரும், எண் அழகாக நிற்கும், உள்ளே சிறைபட்டது அப்படியே இருக்கும். அரைத்துப் போடலாம். அரைக்கும்போதுதான் அடுத்த ஆபத்து. உப்பு தன்னளவில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியும். ஆனால் அதோடு வரும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே தண்ணீர் இழுக்க ஆரம்பித்துவிடும். பாத்தியில் கரைசல் 25 போமே டிகிரியில் உப்பு கட்டத் தொடங்கும். 29, 30க்குப் போவதற்குள் கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதில் சோம்பல் பட்ட அளத்தின் உப்பு, நீங்கள் உரலில் அரைக்கும்போதே ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். அதே மெக்னீசியம் குளோரைடு சூட்டில் தண்ணீரோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் விடும் என்பதால் அடுப்பும் மிகையாகவே சொல்லும். ஆக, இரண்டு முறையும் ஒரே உப்பைப் பற்றி இரண்டு கதை சொன்னால் பயப்படாதீர்கள். இரண்டுமே பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு தண்ணீரைச் சொல்கிறது.

மெத்தனாலோடு பார்மமைடு கலந்தால் உப்பு கூடுதலாகக் கரையும். மூடிய கருவிக்குள் அரைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் சமையல் உப்புக்குச் சட்டம் அனுமதிக்கும் ஈரம் 6 சதவீதம் வரை. அந்த அளவுக்கு அடுப்பே தாராளம். சுத்திகரித்து, ஒட்டாமல் உதிரும் உப்புக்குத்தான் இத்தனை பாடும். அதே உப்பில் அயோடின் பார்க்க வேண்டும் என்றால் தயோசல்பேட் டைட்ரேஷன்: கடையில் 15 பிபிஎம்முக்குக் குறையக்கூடாது. அங்கே அயோடின் அளக்கப்படும் பொருள், இங்கே அதுவே அளவுகோல். ஒரே மேஜையில் இரண்டு வேலையும் நடந்தால் பியூரெட்டுகளை மாற்றிப்போட்டுவிடாதீர்கள். நடக்காத காரியம் இல்லை.

9. மின்மாற்றி எண்ணெய் வந்தால் பியூரெட்டை மறந்துவிடுங்கள். 1979இல் முதல் அலகு ஓடத்தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் எண்ணெயில் ஈரம் பார்ப்பது தீராத வேலை. புது எண்ணெய்க்கே 30 பிபிஎம்தான் எல்லை. இங்கே கூலோமீட்டர் முறைதான் எடுபடும். அயோடினை ஊற்றுவதில்லை, மின்சாரத்தால் கோப்பைக்குள்ளேயே உண்டாக்குகிறோம். ஒரு மில்லிகிராம் தண்ணீருக்கு 10.71 கூலும் மின்னூட்டம். டைட்டர் தொல்லை கிடையாது.

தொல்லை வேறு இடத்தில். 5 கிராம் எண்ணெயில் 10 பிபிஎம் என்றால் மொத்தத் தண்ணீர் 50 மைக்ரோகிராம். உங்கள் ஊசியில் ஒரு மில்லி காற்றுக்குமிழி மாட்டியிருந்தால், மூன்றாவதில் போட்ட கணக்குப்படி, அதில் மட்டும் 24 மைக்ரோகிராம். ஊசியை நிமிர்த்தித் தட்டி, குமிழியை வெளியேற்றி, முனையைத் துடைத்து, பிறகு குத்துங்கள். ஊசியை முதலில் அதே எண்ணெயால் இரண்டு முறை அலசிக் கொட்டிவிடுங்கள். எண்ணெய் எடுத்தபோது அதன் வெப்பம் எவ்வளவு என்று லேபிளில் எழுதாமல் வந்த மாதிரியைத் திருப்பி அனுப்புங்கள். சூடான எண்ணெய் அதிகத் தண்ணீரைக் கரைத்துவைத்திருக்கும். மின்மாற்றிக்குள் இருக்கும் காகிதத்துக்கும் எண்ணெய்க்கும் இடையே தண்ணீர் வெப்பத்தைப் பொறுத்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். வெப்பம் தெரியாத பிபிஎம் பாதி விடைதான்.

10. டிரிஃப்ட் என்று ஓர் எண் திரையின் ஓரத்தில் சின்னதாகத் தெரியும். மாதிரி போடாமலே நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் கசிந்து வருகிறது என்பது அது. நிமிஷத்துக்கு 20 மைக்ரோகிராம் என்றால் ஐந்து நிமிஷ ஓட்டத்தில் 100. யூரியாவுக்கு அது நூற்றில் ஒன்று; கண்டுகொள்ள வேண்டாம். எண்ணெய்க்கு அது மாதிரியைவிடப் பெரிது. டிரிஃப்ட் திடீரென்று ஏறினால் முதலில் மூடி, அடுத்து உலர்த்திக் குழாய், அதற்கப்புறம்தான் கருவியைக் குறை சொல்வது.

11. கண்ணால் முடிவுப் புள்ளி பார்க்கவும் பழகுங்கள். இரட்டை பிளாட்டினம் மின்முனை அழுக்கானால் தப்பான இடத்தில் நிறுத்தும். வைக்கோல் மஞ்சளாக இருந்த கரைசல் அயோடின் மிஞ்சியதும் செம்பழுப்பாகும். கருவி ‘முடிந்தது’ என்று கத்தும்போது கோப்பை கஷாயம்போல இருந்தால் மின்முனையைத் துடையுங்கள்.

12. இந்தக் கரைசலில் மெத்தனால் இருக்கிறது. கண்ணைப் பறிக்கும் விஷம். சல்பர் டை ஆக்சைடு மூச்சைப் பிடிக்கும். கையுறை, காற்றுப்போக்கி இரண்டும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. கழிவைச் சிங்க்கில் ஊற்றுகிற பழக்கத்தை யாராவது காட்டினால் கற்றுக்கொள்ளாதீர்கள். சிங்க்கின் குழாய் ஓடைக்கும் ஓடை கடலுக்கும் போகிற ஊர் இது. தனி பாட்டில், தனி லேபிள், முக்கால் நிறைந்ததும் மூடி போட்டு ஒதுக்கிவையுங்கள். காலி பாட்டிலுக்கு ஸ்டோரில் முன்கூட்டியே இண்டென்ட் போட்டுவிடுங்கள்; கேட்ட வாரத்தில் கொடுத்த சரித்திரம் எந்த ஸ்டோருக்கும் இல்லை.